கதவைப் பிடித்திருந்தவள்

முதலில் அந்த ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், சார். எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். லேசாகக் காற்றடித்தாலே தும்மல் ஆரம்பித்துவிடும். அதற்காகவே அலுவலகத்தில் என் நாற்காலியின் முதுகில் எப்போதும் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் தொங்கும். இப்போது அது உங்களிடம் இருக்கிறது. போகும்போது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் வந்தேன்.

நாளைய அஞ்சலிக் கூட்டத்துக்குப் பாதுகாப்புக் கேட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்து உட்காரச் சொன்னீர்கள், காபியும் வரவழைத்தீர்கள். காபி நன்றாக இருக்கிறது. ஆனால் நான் வந்தது அதற்கில்லை. எங்கள் அருங்காட்சியகத்தின் இயக்குநர் இறந்ததைப் பற்றி நீங்கள் எழுதி முடித்த அறிக்கையில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த அம்மாவை டைப் அடிக்கச் சொல்லுங்கள். நான் நிதானமாகவே பேசுவேன். நிர்வாகக் குழுக் கூட்டங்களுக்கு வருஷக்கணக்காகக் குறிப்பு சொல்லி எழுதவைத்தவள் நான். எங்கே நிறுத்தினால் எழுதுகிறவர்களுக்குச் சௌகரியம் என்று எனக்குத் தெரியும்.

இயக்குநர் என்று நீங்கள் சொல்கிறவளை எங்கள் வீட்டில் சின்னவள் என்போம். என் கொழுந்தனின் மனைவி, எனக்கு ஓரகத்தி. நான் பெரியவள். ஒரே வீடுதான். கீழே நானும் என் கணவரும் மாமியாரும், மாடியில் அவர்கள். எனக்குப் பிள்ளை இல்லை. அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை, என்னைப் பெரியம்மா என்று கூப்பிடும். காலையில் நானும் சின்னவளும் ஒரே காரில்தான் வேலைக்குப் போவோம். வண்டியைத் துணை இயக்குநர் ஓட்டுவாள், அதாவது நான். இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டு வருவாள்.

அந்த இடம் முதலில் ஒரு பழைய கிடங்கு. எங்கள் சேர்மனின் அப்பாவுடையது. அதில் இந்தக் காலத்துக் கலையை வைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியபோது, கூடவே வந்து நின்ற முதல் ஆள் நான். கூரை ஒழுகும். சுவரெல்லாம் பூஞ்சை. ஓவியத்துக்கு ஈரம் ஆகாது, சிற்பம் இறக்க லாரி உள்ளே வர வேண்டும், வருகிறவர்களுக்குக் கழிப்பறை வேண்டும். இதையெல்லாம் யார் பார்த்தது? கூரைக்காரரோடு மல்லுக்கட்டியது நான். இன்சூரன்ஸ்காரர்களிடம் பேசிப் பேசித் தொண்டை வறண்டது எனக்கு. ஒரு மழை நாளில், இரண்டாம் கூடத்தில் சொட்டுகிற இடத்துக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்துவிட்டு வந்தேன். திரும்பிப் போய்ப் பார்த்தால் வாளியைச் சுற்றிக் கூட்டம். ஒருவர் மண்டியிட்டுப் படம் எடுக்கிறார். இன்னொருவர் தலைப்பு எங்கே என்று சுவரில் தேடுகிறார். எங்களிடம் வருகிறவர்கள் அப்படித்தான், சார். அந்தக் கட்டடத்துக்குள் எது நடந்தாலும் அதற்கு ஏதோ அர்த்தம் இருக்கிறது என்று நம்பிவிடுவார்கள். நானும் சின்னவளும் அந்த வாளியைப் பற்றிப் பேசி வீட்டில் வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறோம். 

அவளை அங்கே கொண்டுவந்ததே நான்தான். கல்யாணமாகி வந்த புதிதில், கலை வரலாறு படித்துவிட்டு மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது. சேர்மனிடம் ஒரு வார்த்தை சொன்னேன், கண்காட்சி உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். நல்ல வேலைக்காரி. அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. அவளிடம் பேச ஆரம்பித்தவர்கள் நகர மாட்டார்கள். என்னிடம் பேச ஆரம்பித்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அது அவரவர் ராசி.

முந்தைய இயக்குநர் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலி எனக்குத்தான் என்று ஊரே நினைத்தது, நானும் நினைத்தேன். "அக்கா, நீங்க அப்ளை பண்றீங்கன்னா நான் பண்ணலக்கா" என்று சின்னவள் வந்து சொன்னாள். "சேச்சே, நீயும் பண்ணு. சும்மா ஒரு அனுபவத்துக்கு" என்றேன். பெருந்தன்மையாக இருக்கட்டுமே என்று சொன்னது. என் வாய்தான் எனக்குச் சத்துரு.

நேர்காணலுக்கு நான் ஒரு திட்டம் கொண்டுபோனேன். சேமிப்பறை விரிவாக்கம், தீயணைப்பு ஏற்பாடு, ஊழியர்களின் வேலை முறை, யாருக்கு எதில் அதிகாரம் என்பதற்கான விதிகள். அவள் வெறுங்கையோடு போனாள். "நம்ம மியூசியத்துக்குள்ள வந்ததும் எல்லாரும் ஏன் குரலைத் தாழ்த்திக்கறாங்க? பயமா, மரியாதையா? எனக்கு அதைக் கண்டுபிடிக்கணும்" என்றாளாம். அவ்வளவுதான். போர்டு அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. சேர்மன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க இல்லாம இந்த இடம் ஒரு நாள்கூட ஓடாதும்மா. அதனாலதான் உங்களை இருக்கற இடத்துலயே வெச்சிருக்கோம்" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து நன்றிகூடச் சொல்லிவிட்டு வந்தேன். காருக்குள் உட்கார்ந்து சாவியைப் போட்ட பிறகுதான் அவர் சொன்னது உறைத்தது.

வீட்டில் மாமியார் போனைக் கீழே வைக்கவில்லை. "எங்க சின்னவ டைரக்டர் ஆயிட்டா. பெரியவளா? அவளும் அங்கதான் இருக்கா, இவளுக்குக் கீழ." நான் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது என்று மட்டும் அங்கே எழுத வேண்டாம். எனக்கு அசிடிட்டி அதற்கு முன்பே உண்டு.

அதன் பிறகு வந்ததுதான் அந்த ஐஸ் பெட்டி. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அது எப்படி வந்தது என்று உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மீன் பதப்படுத்துகிற ஆலை ஒன்றில் வேலை பார்த்து, பின்னால் சிற்பியான ஒருவர், அந்த ஆலையை மூடியபோது அதன் குளிர் அறையை அப்படியே விலைக்கு வாங்கிவிட்டார். ஒரு லாரி அளவு இருக்கும். கனமான கதவு, வெளியே நீள இரும்புப் பிடி. பழைய நாளில் அதற்குள் அவருடைய கூட்டாளி ஒருவர் மாட்டிக்கொண்டு செத்துப்போயிருக்கிறார். உள்பக்கத்துப் பிடி உடைந்திருந்தது. அவர் தட்டியது வெளியே கேட்டிருக்கிறது. மோட்டார் ஏதோ சத்தம் போடுகிறது என்று இருந்துவிட்டார்கள். அதைத்தான் அவர் படைப்பாக்கினார். அறை அதே குளிரில் ஓட வேண்டும். உள்ளே ஒரு ஸ்பீக்கர், அதிலிருந்து அவ்வப்போது கதவைத் தட்டுகிற சத்தம். பார்க்க வருகிறவர்கள் கதவில் உள்ளங்கையை வைத்து நிற்கலாம். பிடியைத் தொடக் கூடாது.

அதை வாங்குவது பற்றிப் போர்டு கூடியபோது, "ஃப்ரீசர் வாங்கறதுக்கு மியூசியம் எதுக்கு சார்? பாத்திரக் கடைக்குப் பக்கத்துல இருக்கற ஃப்ரிட்ஜ் கடையே போதுமே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு நிமிஷம் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? சின்னவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "உள்ள ஒருத்தர் தட்டறார் சார். வெளிய நாம நிக்கறோம். நமக்குக் கேக்குது. ஆனா நாம திறக்கறதில்ல. அவ்வளவுதான் இது" என்றாள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. சேர்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். என் சிரிப்புக்கு ஆயுசு அவ்வளவுதான்.

மூன்றாம் கூடத்தில் அதை இறக்கி வைத்தோம். கூட்டம் அலைமோதியது. பத்திரிகைகளில் அவள் படம், கதவில் கை வைத்தபடி. அந்த மோட்டாருக்கு மின்சார இணைப்பு வாங்கவும், தரை எடையைத் தாங்குமா என்று பார்க்கவும் அலைந்தது யார் என்று எந்தப் பத்திரிகையும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள், அது எனக்குத் தெரியும். நான் எதிர்பார்க்கவும் இல்லை.

உள்பிடியை மாற்றியே ஆக வேண்டும் என்று நான்தான் வாதாடினேன். சிற்பி மசியவில்லை. அந்த உடைந்த பிடிதான் இதன் உயிரே என்றார். சின்னவள் அவர் பக்கம் நின்றாள். கடைசியில் நான் ஓர் ஏற்பாடு செய்தேன். உள்ளே ஒருவர் போனால், அவர் வெளியே வரும்வரை இன்னொருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எல்லோரும் அதன்படியே நடந்தார்கள். அன்று மதியம் நாங்களும் அதன்படிதான் ஆரம்பித்தோம்.

இன்னொரு விதியையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் பார்வையாளர் ஒருவர், உள்ளே நிஜமாகவே ஆள் இருக்கிறது என்று பயந்துபோய்ப் பிடியை இழுத்துத் திறந்துவிட்டார். குளிர் வெளியேறி, கதவில் படிந்திருந்த பனி கரைந்து, தரையெல்லாம் தண்ணீர். சிற்பி குதித்தார். உடனே சின்னவள் போர்டில் ஒரு விதி கொண்டுவந்தாள். காட்சியில் இருக்கும் எந்தப் படைப்பையும் நிறுத்தவோ திறக்கவோ இயக்குநரின் உத்தரவு வேண்டும், அவர் இல்லாதபோது துணை இயக்குநரின் உத்தரவு வேண்டும். எல்லோரும் கைதட்டினார்கள். அதே விதி, வார்த்தை பிசகாமல், நேர்காணலுக்கு நான் கொண்டுபோன திட்டத்தில் இருந்தது. அப்போது ஒருத்தரும் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. "இது என் ஐடியா இல்ல சார், அக்காவோடது" என்று சின்னவளே அங்கே சொன்னாள். அதற்கும் அவளைத்தான் பாராட்டினார்கள். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள் என்றார்கள்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

காலையிலிருந்தே ஸ்பீக்கர் கரகரவென்று இருந்தது. எலெக்ட்ரீஷியன் லீவு. "நாளைக்கு வந்துடுவார், விடு" என்றேன். அவளா விடுவாள்? "ஒரு ஒயர்தான்க்கா, நானே பாத்துடறேன்." மதிய இடைவேளைக்குக் கூடத்தை மூடியதும் நாங்கள் இருவரும் போனோம். அந்தக் கூடத்துக் காப்பாளரம்மா சாப்பிடப் போயிருந்தார். கேமரா அங்கே கிடையாது, சிற்பி வைக்கக் கூடாது என்றிருந்தார். சின்னவள் கையில் ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர். உள்ளே கால் வைப்பதற்கு முன்னால், "அக்கா, உங்க ஸ்வெட்டரைக் குடுங்களேன்" என்றாள். கழற்றிக் கொடுத்தேன். போனையும் என்னிடம் நீட்டினாள். "இதையும் பிடிங்க, உள்ள சிக்னல் கிடைக்காது." ஒரு கையில் கதவு, ஒரு கையில் அவள் போன். அப்படியே நின்றேன்.

உள்ளே டார்ச் வெளிச்சத்தில் அவள் மூச்சு புகையாக வந்தது. ஒயரைப் பிடுங்கிப் பார்த்தாள். "போச்சுக்கா, இது மொத்தமா போயிடுச்சு. புதுசுதான் வாங்கணும்" என்று சொல்லிக்கொண்டே ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து கழற்ற ஆரம்பித்தாள். அப்போதுதான் போன் அடித்தது. சேர்மன். "எடுத்துப் பேசுங்கக்கா, அப்புறம் கூப்பிடறேன்னு சொல்லுங்க" என்றாள், திரும்பிப் பார்க்காமலே. எடுத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார், அவளிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு. என்ன சொன்னார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். அவர் வைத்துவிட்டார். மதியம் இயக்குநரிடம் போனில் பேசினேன், குரலில் ஒரு சுரத்தே இல்லை என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார் அல்லவா? அந்தக் குரல் என்னுடையது.

அப்புறம் கையை எடுத்தேன்.

தள்ளவில்லை, சார். அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கனமான கதவு, விட்டால் தானாகவே சாய்ந்து தானாகவே தாழ்போட்டுக்கொள்ளும். பெரிய சத்தமும் வராது. எதிர்ச்சுவரில் இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு பல்பு மங்கலாக எரிந்தது, மாற்றச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். உள்ளேயிருந்து தட்டத் தொடங்கினாள். முதலில் அவசரமே இல்லாத தட்டல். கை தவறிவிட்டது, இதோ திறந்துவிடுவாள் அக்கா என்று நினைக்கிறவளின் தட்டல். நான் மேலே போய் அவள் போனை அவள் மேஜையில் வைத்துவிட்டு, சாப்பிட்டேன்.

இடைவேளை முடிந்து கூடத்தைத் திறந்தார்கள். நான் இறங்கிப் போனபோது ஆட்கள் வந்துவிட்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் வருகிற தட்டல் சீராக இருக்கும், கொஞ்ச நாள் கேட்டால் அலுத்துவிடும். இது அப்படியில்லை. படபடவென்று கொஞ்ச நேரம், பிறகு ஒன்றுமே இல்லை, பிறகு ஸ்க்ரூடிரைவரின் பிடியால் டங் டங்கென்று. அவ்வளவு தடிமனான கதவுக்கு வெளியே அது மெல்லியதாகத்தான் வந்தது. "இன்னிக்கு ரொம்பத் தத்ரூபமா இருக்கு" என்றார், அடிக்கடி வரும் ஒரு பெரியவர். ஒரு பெண் கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவள் கணவர் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். கல்லூரிப் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்த வாளியைப் படம் எடுத்த கூட்டம்தான் இது. யாரும் பிடியைத் தொடவில்லை, தொடக் கூடாது என்று பலகையில் போட்டிருக்கிறதே.

காப்பாளரம்மா மட்டும் என்னிடம் வந்தார்.

"மேடம், சத்தம் இன்னிக்கு ஒரு மாதிரியா இருக்கு. திறந்து பாக்கட்டுமா?"

"டைரக்டர் உத்தரவு இல்லாமத் திறக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"டைரக்டர் மேடம் எங்க?"

"வெளிய போயிருக்காங்க."

"அப்ப நீங்க சொன்னாப் போதுமே மேடம். ரூல்ல அப்படித்தான் இருக்கு."

அவர் சொன்னது சரி. இயக்குநர் இல்லாதபோது துணை இயக்குநர். நான் தலையசைத்திருந்தால் போதும், அவர் ஓடிப்போய்த் திறந்திருப்பார். "புது ரெக்கார்டிங் போட்டிருக்கு. நான் சொல்லாம யாரும் கை வெக்கக் கூடாது" என்றேன். "சரிங்க மேடம்" என்று தன் ஸ்டூலுக்குப் போனார். அந்த அம்மா இதை உங்களிடம் சொல்லவில்லை, வேலை போய்விடும் என்று பயந்திருப்பார். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். அவர் முறைப்படி கேட்டார், நான் முறைப்படி மறுத்தேன்.

கல்லூரிப் பிள்ளைகளில் ஒருத்தி என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, இந்தப் படைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியுமா என்று கேட்டாள். சாதாரணமாக எனக்கு அது வராது. அன்று வந்தது. மீன் ஆலையைப் பற்றிச் சொன்னேன், உடைந்த பிடியைப் பற்றிச் சொன்னேன். "உள்ளே ஒருவர் தட்டுகிறார். வெளியே நாம் நிற்கிறோம். நமக்குக் கேட்கிறது. ஆனால் நாம் திறப்பதில்லை" என்று முடித்தேன். சொல்லி வைத்தாற்போல அப்போது பின்னால் ஒரு தட்டல். அப்புறம் கைதட்டினார்கள். அத்தனை முகங்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன, சார். ஒருவர்கூடக் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "நீங்கதான் டைரக்டரா மேடம்?" என்று அந்தப் பெண் கேட்டாள். "ஆமாம்மா" என்றேன். என் வேலையில் எனக்குக் கிடைத்த நல்ல மதியம் அது ஒன்றுதான்.

மாலையில் தட்டல் நின்றது. "ஸ்பீக்கர் மறுபடியும் போச்சு போல மேடம்" என்றார் காப்பாளரம்மா, கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு. "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன். மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

காரில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அவளுடைய சீப்பு அதில் கிடந்தது, எடுத்து டேஷ்போர்டுக்குள் வைத்தேன். வீட்டில் மாமியார், "சின்னவ எங்க?" என்றார். உள்ளே நுழைந்தவளுக்குத் தண்ணீர் வேண்டுமா என்றில்லை, சின்னவ எங்க. "மதியத்துக்கு மேல நான் பாக்கல அத்தை" என்றேன். அதில் பொய் இல்லை. மதியத்துக்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. கேட்டேன், அவ்வளவுதான். குழந்தை மாடியிலிருந்து இறங்கி வந்து, "அம்மா எப்ப வருவா பெரியம்மா?" என்றது. "வேலை இருக்கும் கண்ணு" என்று சொல்லி, மடியில் உட்காரவைத்துச் சோறு ஊட்டினேன். கொழுந்தன் போன் போட்டுப் போட்டு அலுத்து, மியூசியத்துக்கே போய் வாட்ச்மேனோடு எல்லா அறைகளையும் தேடிவிட்டு வந்தார். அந்த அறையை மட்டும் திறக்கவில்லை. அது அறை இல்லையே, படைப்பு. ஒரு கெட்டவளாக இருந்தால் நான் அந்தக் குழந்தைக்கு ஊட்டியிருப்பேனா? ஸ்வெட்டரைத்தான் கழற்றிக் கொடுத்திருப்பேனா? நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்து, ஸ்பீக்கரைச் சரிசெய்ய என்னிடம் உத்தரவு கேட்டார். கொடுத்தேன். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். எலெக்ட்ரீஷியன் லீவில் இருந்ததால் தானே சரிசெய்யப் போனாள், கதவைப் பிடிக்க ஆள் வைத்துக்கொள்ளாமல் போனாள், கதவு மூடிக்கொண்டது. நீங்கள் எழுதினீர்கள். நானும் அதில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன். ஊரே திரண்டு வந்தது. சேர்மன் குழந்தையைப்போல அழுதார். அவளை வெளியே கொண்டுவந்தபோது என் ஸ்வெட்டரின் எல்லாப் பொத்தான்களையும் போட்டிருந்தாள். கழுத்துப் பொத்தான் எனக்கே போடச் சிரமமாக இருக்கும்.

அதோடு விட்டிருக்கலாம்தான். போர்டு கூடி என்னைத் தற்காலிக இயக்குநராக்கியது. இயக்குநர் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். அந்த நாற்காலி கொஞ்சம் தாழ்வு, அவள் குள்ளம், உயர்த்தி வைத்துக்கொண்டேன். என் கையெழுத்துக்கு வந்த முதல் கோப்பு என்ன தெரியுமா? மூன்றாம் கூடத்துக்கு அவள் பெயரை வைப்பது. வாசலில் அவளுடைய பெரிய படம். கதவுக்குப் பக்கத்தில் ஒரு கல், அதில் "கலைக்காகத் தன் உயிரைக் கொடுத்தவர்" என்று பொறிக்க வேண்டும். நாளைக்கு அதைத் திறந்து வைத்து நான் பேச வேண்டும். இப்போதெல்லாம் வருகிறவர்கள் அந்த மீன் ஆலைக்காரரை மறந்துவிட்டார்கள், சார். அவளுக்காகத்தான் கதவில் கை வைத்துவிட்டுப் போகிறார்கள். வரிசை தெருவரைக்கும் நிற்கிறது. நான் அந்த வரிசையைத் தாண்டித்தான் தினமும் உள்ளே போக வேண்டியிருக்கிறது.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. அது தவறான தகவல். அவள் உயிரைக் கொடுக்கவில்லை. கடைசிவரைக்கும் கொடுக்க மாட்டேன் என்றுதான் தட்டினாள், நான் கேட்டேன். எடுத்தது நான். கல்லில் பொறிப்பதற்கு முன்னால் யாராவது திருத்த வேண்டும் அல்லவா? ஓர் அருங்காட்சியகத்தில் பெயர்ப்பலகை தப்பாக இருக்கக் கூடாது. அதில் நான் எப்போதுமே கண்டிப்பு.

இப்போதுதான் நீங்கள் முதல் கேள்வி கேட்கிறீர்கள். "உங்க வேலைக்கு ஏதாவது உலை வெச்சாங்களா மேடம்? அதான் சேர்மன் போன்ல சொன்னாரா?"

இல்லை, சார். அதைத்தான் கடைசியில் சொல்கிறேன் என்றேன். சேர்மன் சொன்னது இதுதான்: "நீ ஜெயிச்சிட்டம்மா. உங்க அக்காவையே டைரக்டராப் போட போர்டு ஒத்துக்கிச்சு. அடுத்த மாசத்துலேர்ந்து அவங்க அந்த நாற்காலியில. நீ ஆசைப்பட்ட மாதிரி கண்காட்சியை மட்டும் பாத்துக்கோ. நீ கேட்டுதான் போட்டோம்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாம்னு நீ சொன்னேல்ல, நான் மூச்சு விட மாட்டேன்."

நாற்காலி எனக்கு வருகிறது என்று தெரிந்த பிறகுதான் கையை எடுத்தேன். புரிகிறதா? நான் சம்பாதித்திருக்க வேண்டியதை அவள் எனக்குத் தருகிறாள். ஸ்வெட்டரைத் திருப்பித் தருகிற மாதிரி. அந்த நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொரு நாளும் அது அவள் போட்டது என்று எனக்குத் தெரிந்திருக்கும். காரில் பக்கத்தில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டே வருவாள், ஒரு நாளும் சொல்லிக்காட்ட மாட்டாள். சொல்லிக்காட்டுகிறவளாக இருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். திட்டிவிட்டாவது போயிருப்பேன். இப்படி ஒருத்தியை என்ன செய்வது?

கதவை விட்டது நான். கேட்டுக்கொண்டே நின்றது நான். திறக்கக் கூடாது என்று உத்தரவிட்டது நான். அவளைக் கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், வேறு வார்த்தை தேட வேண்டாம். ஆனால் காரணம் எழுதுகிற இடத்தில் பொறாமை என்று போட்டுவிடாதீர்கள். அவள்மேல் எனக்குப் பொறாமை இருந்ததே இல்லை. வீட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

எங்கே, தாளைக் கொடுங்கள், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். அப்புறம் ஒரே ஒரு விஷயம். இந்த அம்மா மேலே என் பதவியைத் தப்பாக அடித்திருக்கிறார். நாளைக்குப் பத்திரிகைக்காரர்கள் இதைத்தான் பார்த்து எழுதுவார்கள். இயக்குநர் என்று மட்டும் போடச் சொல்லுங்கள். முன்னால் அந்த 'தற்காலிக' வேண்டாம்.